45 சதவீதப் படையோடு டோர்னமெண்டுக்குப் போகலாமா?

ஜனவரி 6, இரவு 10.50

வார்ஹாமர் 40,000 என்பது சின்ன பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் ஆட்டம்; டெத் கார்ட் அதில் ஒரு படை. வாசகர் ஒருவர் கேட்டது, அப்படியே: "அண்ணா, வார்ஹாமர் 40,000 ஒன்றரை வருடமாக ஆடுகிறேன். டெத் கார்ட் படை. வெற்றி விகிதம் 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் படையைத் தூக்கிக்கொண்டு டோர்னமெண்டுக்குப் போவது ரயில் டிக்கெட்டுக்குத் தண்டம் என்று கிளப்பில் எல்லாரும் சொல்கிறார்கள். விற்றுவிட்டு வேறு படை வாங்கட்டுமா?"

விற்காதே.

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் கிளப்பிலும் அதே பாட்டுதான். 45 முதல் 55 சதவீதம் வரை என்பது இந்த ஆட்டத்தைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் தானே வகுத்துக்கொண்ட வரம்பு. எல்லாப் படையும் அதற்குள் இருந்தால் ஆட்டம் ஆரோக்கியமாக இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா? ஒரு வார இறுதியில் ஐந்து ஆட்டம். 45 சதவீதப் படைக்குச் சராசரி 2.25 வெற்றி, 55 சதவீதப் படைக்கு 2.75. அரை ஆட்டம்! அந்த அரை ஆட்டத்தை நீ முதல் நாள் காலையில் ஆப்ஜெக்டிவை (மேசையில் பிடித்து வைத்தால் புள்ளி தரும் இடம்) எண்ண மறந்தே தொலைத்துவிடுவாய். நானும்தான்.

ஜனவரி 7, காலை

நேற்று அரை ஆட்டம் என்று பெருமையாக எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். இன்று பஸ்ஸில் வரும்போது உறுத்தியது. அது சும்மா கலந்துகொள்ள வருகிறவனுக்கான கணக்கு. கோப்பை வேண்டும் என்பவன் ஐந்திலும் ஜெயிக்க வேண்டும். 55 சதவீதத்தை ஐந்து முறை பெருக்கினால் இருபது பேரில் ஒருவர். 45 சதவீதத்தைப் பெருக்கினால் ஐம்பது பேரில் ஒருவர். அரை ஆட்டமாகத் தெரிந்தது உச்சியில் போய் இரண்டரை மடங்காகிவிடுகிறது.

ஆகவே உன் கிளப்காரர்கள் பேசுவது முழுப் பொய் இல்லை. ஆனால் ஐந்துக்கு ஐந்து அடிக்கிற நிலையில் இருப்பவர்கள் பேசும் பேச்சு அது. அவர்களில் எத்தனை பேர் ஐந்துக்கு ஐந்து அடித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்.

ஜனவரி 7, மதியம்

திருத்தம். ஐம்பதில் ஒருவர் இல்லை, ஐம்பத்து நாலில் ஒருவர். மனக்கணக்கு. மடங்கும் 2.7 ஆகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பெருக்கலே கொஞ்சம் ஏமாற்று. ஸ்விஸ் முறையில் ஜெயித்தவனுக்கு ஜெயித்தவன்தான் எதிராளி. நாலு ஜெயித்துவிட்டு ஐந்தாம் ஆட்டத்துக்குப் போனால் எதிரே நிற்பவனும் நாலு ஜெயித்தவன். முதல் சுற்றில் அகப்பட்ட, ராணுவப் பட்டியலை ஃபோனில் தேடிக்கொண்டிருந்த புதுப்பையன் அங்கே கிடைக்கமாட்டான். அதனால் நிஜ வாய்ப்பு என் பெருக்கலைவிடக் குறைவு, இரு தரப்புக்கும்.

ஜனவரி 8

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: "சதுரங்கம் மாதிரி இரு பக்கமும் சமமாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே?" ஐயா, சதுரங்கத்திலேயே வெள்ளைக்காய்க்கு மொத்தப் புள்ளியில் 52 முதல் 56 சதவீதம் வரை கிடைக்கிறது. ஒரே காய்கள், ஒரே பலகை, முதல் நகர்த்தல் ஒன்றுதான் வித்தியாசம். எங்களிடம் இருபதுக்கும் மேற்பட்ட படைகள். ஒன்று ஓடும், ஒன்று தவழும், ஒன்று தரைக்கடியிலிருந்து முளைக்கும்.

ஜனவரி 9, இரவு

சதவீதத்தை எப்படிப் படிப்பது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்தவரை.

வாராவாரம் டோர்னமெண்ட் முடிவுகளைத் திரட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் முதலில் எத்தனை ஆட்டம் என்று பார். ஒரு படை ஒரு வாரத்தில் நூறு ஆட்டம் ஆடியிருந்தால், அது அச்சு அசலாக 50 சதவீதப் படையாகவே இருந்தாலும், தாளில் 40 முதல் 60 வரை எங்கே வேண்டுமானாலும் விழலாம். நானூறு ஆட்டம் சேர்ந்தால் 45 முதல் 55. அதாவது நானூறு ஆட்டத்துக்குக் கீழே 'வரம்புக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா' என்ற கேள்விக்கே பதில் தெளிவாகாது. ஒரு வாரம் 44 என்று பார்த்ததும் படையை விற்பனைக்குப் போடுகிறவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவர்களிடம் பாதி விலைக்கு வாங்கியவன் நான் என்பதால் அதிகம் சிரிக்கவும் கூடாது.

அடுத்தது, யார் ஆடுகிறார்கள். ஸ்பேஸ் மரீன்தான் எல்லாரும் முதலில் வாங்கும் படை, தொடக்கப் பெட்டிகளில் வருவதும் அவர்கள்தான். முதல் டோர்னமெண்டுக்கு வரும் பத்துப் பேரில் நாலு பேர் அதோடுதான் வருகிறார்கள், என் கண்ணால் பார்த்த கணக்கு. அவர்களுடைய தோல்வியெல்லாம் அந்தப் படையின் கணக்கில் ஏறும். மறுபுறம், ஊரில் நாலே பேர் வைத்திருக்கும் படை, நாலு பேரும் பத்து வருடப் பழம்பெருச்சாளிகள் என்றால், விகிதம் தானாக உயரும். படை நன்றாக இருக்கிறது என்ற பேச்சு கிளம்பியதும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் அதற்குத் தாவுவார்கள், எண் இன்னும் ஏறும். ஒரு சதவீதம் படையைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு அதைத் தூக்கி வருகிறவர்களைப் பற்றியும் சொல்கிறது.

ஒரே படை மோதும் ஆட்டங்களை நல்ல கணக்கர்கள் எடுத்துவிடுவார்கள். ஒருவன் ஜெயிக்க ஒருவன் தோற்க, அது எப்போதும் 50தான். சேர்த்துக்கொண்டால் அட்டகாசம் செய்யும் படைகூட நல்ல பிள்ளை மாதிரி தெரியும்.

ஜனவரி 10

மேலே எழுதியதை இன்று திரும்பப் படித்தால், சமநிலை என்று ஒன்றே இல்லை, எல்லாம் ஆட்டக்காரன் கையில் என்று நான் சொல்வது போல இருக்கிறது. அப்படிச் சொன்னால் 2023 கோடையை மறந்துவிட்டேன் என்று அர்த்தம். மறக்கவில்லை. கூடம் நிஜமாகவே கோணலாக இருந்த நாட்கள் அவை.

ஆட்ட விதிகளின் பத்தாம் பதிப்பு 2023 ஜூனில் வந்தது. எல்லாப் படைக்கும் விதிகள் இலவசம், எல்லாம் புதுசு, எல்லாருக்கும் உற்சாகம். டெத் கார்ட் வைத்திருந்த எங்களைத் தவிர. எட்டாம் பதிப்பில் எங்கள் ஆட்கள் வாங்கிய காயத்தை பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால் உதறிவிடுவார்கள். ஒன்பதாம் பதிப்பில் ஒவ்வொரு அடியிலும் ஒரு சேதம் குறையும். பத்தாம் பதிப்பில் இரண்டும் போச்சு. அழுகிப்போன, சாகவே சாகாத வீரர்கள் என்று கதைப்புத்தகத்தில் இருப்பார்கள், மேசையில் மற்றவர்களைப் போலவே பொத்தென்று விழுவார்கள். படை அடித்தட்டுக்குப் போனது.

அந்த ஜூலையில் இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸில் ஒரு சர்ச் ஹாலில் மூன்று ஆட்டப் போட்டி. இரண்டாம் ஆட்டத்தில் எதிரே எல்டாரி என்ற படை. அப்போது அவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது. ஆட்டம் தொடங்கும்போதே ஒரு கைப்பிடி பகடையை உருட்டி ஓரமாக வைத்துக்கொள்ளலாம். பிறகு அடிக்கவோ, காயப்படுத்தவோ, சேதம் பார்க்கவோ பகடை உருட்ட வேண்டிய இடத்தில், உருட்டாமல் அதில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளலாம். தாயத்தில் முதல் ஆட்டத்திலேயே வேண்டிய விருத்தங்களைப் போட்டுக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை நினைத்துக்கொள். எதிராளி நல்ல மனிதர், சாக்லேட் பிஸ்கட் கொடுத்தார். நீலப் பகடைகளை வரிசையாக, பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணாக அடுக்கி வைத்திருந்தார். வரிசையின் தலையில் மூன்று ஆறுகள்.

அவருடைய ரெய்த்நைட், மிக உயரமான ராட்சத பொம்மை, இடிபாட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த என் கனத்த கவச டெர்மினேட்டர்களைப் பார்த்தது. அன்றைய விதிப்படி அவ்வளவு உயரமான உருவத்துக்கு இடிபாடு கண்ணை மறைக்காது. பீரங்கி பட்டது. காயப் பகடைக்கு நேரம் வந்ததும் அவர் உருட்டவில்லை. ஆள்காட்டி விரலால் ஒரு ஆறை மேசையில் இழுத்து என் பக்கம் தள்ளினார். அந்தப் பீரங்கிக்கு ஆறு என்றால் கவசம் செல்லாது. சேதத்துக்கு இன்னொரு ஆறு, அதையும் அப்படியே தள்ளினார். அந்த நாளின் விதிப்படி சேதம் ஒரு ஆளோடு நிற்காது, மிச்சம் பக்கத்து ஆளுக்கு வழியும். ஐந்து டெர்மினேட்டரில் மூன்று பேர் போனார்கள், நாலாமவனுக்கு அரை உயிர். ஒரே பீரங்கி, ஒரே குண்டு. நான் பகடையைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே நின்றேன், போடுவதற்கு எனக்கு எதுவும் இல்லை.

அதைச் சரியாக ஆடியிருந்தால் தப்பித்திருக்கலாமா? முடியாது. இதை நான் யோசித்தாகிவிட்டது, பல இரவு.

கேம்ஸ் வொர்க்‌ஷாப்புக்கும் தெரிந்தது. சில வாரங்களிலேயே பாயிண்ட், அதாவது ஒவ்வொரு உருவத்துக்கும் ஆட்டத்தில் உள்ள விலை, ஏறியது; பிறகு அந்த ஓரப்பகடைக்கும் கடிவாளம் விழுந்தது. செப்டம்பரில் வந்த திருத்தத்தில் கவசம் செல்லாத அந்தக் காயம் ஒரு ஆளோடு நின்றது, மிச்சம் வீணாயிற்று. உயரமானவர்களின் ஞானக்கண்ணும் மூடியது. இன்று அதே பீரங்கி, அதே ஆறு, என் ஆட்களில் ஒருவன் மட்டும் சாவான். அந்த அளவு வித்தியாசம் ஆட்டக்காரனின் திறமையால் வருவதில்லை, விதியில்தான் இருக்கிறது.

ஜனவரி 10, அதற்குப் பின்

முழுவதும் சொல்லவில்லை. அடுத்த மாதமே, பாயிண்ட் ஏறியும் எல்டாரி இன்னும் உச்சத்தில் இருந்தபோது, நண்பரிடம் அதே படையைக் கடன் வாங்கிக்கொண்டு ஒரு நாள் போட்டிக்குப் போனேன். மூன்றில் ஒன்றுதான் ஜெயித்தேன். அந்த ஒன்றும் ஏழாம் வகுப்புப் பையனிடம். அவன் பாதியில் பிறந்தநாள் விழாவுக்குப் போய்விட்டான்.

ஜனவரி 13

"இப்படி முன்பும் நடந்திருக்கிறதா?" நடக்காத பதிப்பு எது?

2022இல் லீக்ஸ் ஆஃப் வோட்டன் என்ற படை வந்தபோது அதன் விதிப் புத்தகம் எல்லார் கைக்கும் வந்து சேரும் முன்பே பாயிண்டை ஏற்ற வேண்டியதாயிற்று. 2019இல் அயர்ன் ஹேண்ட்ஸ் என்ற படை. அந்தப் பெயரைச் சொன்னால் அன்று ஆடியவர்கள் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

எனக்குச் சொந்தமாகச் சூடு பட்டது அதற்கு முன்னால். எட்டாம் பதிப்பில் ஒரு படைக்குள் இன்னொரு படையின் துண்டைச் செருகிக்கொள்ளலாம். இம்பீரியல் காலாட்படையில் இரண்டு தளபதி, பத்துப் பத்து பேராக மூன்று குழு, ஆக 32 பேர். விலை 180 பாயிண்ட். அதைச் சேர்த்தால் கூடுதலாக ஐந்து கமாண்ட் பாயிண்ட், சிறப்புத் தந்திரங்களுக்குச் செலவழிப்பது. அந்த ஐந்தையும் குடித்து பக்கத்தில் நிற்கும் கேஸ்டலன் என்ற ராட்சத நைட் எதிராளியைத் தீய்க்கும். 32 பேரும் சுட வேண்டாம், செத்தாலும் பரவாயில்லை, பிறந்து வந்ததற்கே கூலி. உலகம் முழுக்க இம்பீரியல் தரப்பின் நல்ல படைகள் பலவற்றிலும் அந்த 32 பேர் இருந்தார்கள், ஊர் முழுக்க ஒரே வாடகைக் கூட்டம்.

நானும் வாங்கினேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து, பச்சை ஸ்ப்ரே, தோல் நிறம், கருப்பு மை கழுவல், முடிந்தது. கண்கூட வரையவில்லை. இரண்டு போட்டி ஆடினேன். கேஸ்டலனுக்குப் பாயிண்ட் ஏறியது. 2020இல் ஒன்பதாம் பதிப்பு வந்தது: எல்லாருக்கும் தொடக்கத்திலேயே 12 கமாண்ட் பாயிண்ட், கூடுதல் துண்டு செருகினால் அதிலிருந்து கழியும். என் 32 பேரும் ஒரே நாளில் வேலையில்லாதவர்கள். அலமாரியின் மேல்தட்டில் கண் இல்லாமல் இன்னும் நிற்கிறார்கள்.

விற்றுவிட்டு வேறு வாங்கட்டுமா என்று கேட்டாய் அல்லவா. அந்தத் தட்டை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.

ஜனவரி 14

சிறு குறிப்பு. "பொம்மை" என்று எழுதியதற்கு ஒருவர் கோபித்துக்கொண்டார், "மினியேச்சர்" என்று எழுத வேண்டுமாம். எங்கள் வீட்டில் இருபது வருடமாகப் பொம்மைதான். அம்மா ஃபோனில் "பொம்மைச் சண்டைக்குப் போனியே, என்னாச்சு" என்றுதான் கேட்பாள்.

ஜனவரி 16

பாயிண்டைக் குறைத்தே ஒரு படையைத் தூக்கி நிறுத்த முடியாதா, விதியைத் தொடுவானேன் என்ற கேள்வி.

முடியும், எண்ணளவில். 2000 பாயிண்ட் படையில் எல்லாவற்றுக்கும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் இன்னும் 200 பாயிண்ட்டுக்கு ஆள் சேர்க்கலாம், விகிதம் ஏறும். அந்த 200 பாயிண்ட் ஆட்களை யார் வாங்குவது, யார் ஒட்டுவது, யார் பெயிண்ட் அடிப்பது? அடெப்டஸ் மெக்கானிக்கஸ்காரர்களைக் கேள். பத்தாம் பதிப்பில் அவர்கள் படை சொத்தையாக இருந்ததால் பாயிண்ட் இறங்கிக்கொண்டே போனது, ஆள் கூட்டம் பெருகிக்கொண்டே போனது. விலையுயர்ந்த, காலில் குழாயும் கம்பியுமாக இருக்கும் உருவங்கள். கடைசியில் அந்தப் படை ஆடத்தகுந்ததாக ஆயிற்று, மேசையில் வைக்க மட்டும் கூடை கூடையாக வேண்டும். கதையில் அவர்கள் அரிய தொழில்நுட்பம் கொண்டவர்கள். மேசையில் திருவிழா நெரிசல்.

டெத் கார்டுக்கு நடந்தது இரண்டும் கலந்த வைத்தியம். பாயிண்டும் இறங்கியது, அப்புறம் விதியிலும் கொஞ்சம் உயிர் ஊட்டினார்கள். எங்கள் பக்கத்தில் வந்தாலே எதிரியின் உறுதி ஒன்று குறையும், அது முதலிலிருந்தே உண்டு. அதோடு ஆட்டத் தொடக்கத்தில் இன்னொரு நோயையும் தேர்ந்தெடுக்கலாம் என்று வந்தது, அடிக்கும் குறி தவறச் செய்வது, கவசம் பலவீனமாவது இப்படி. எனக்கு இந்த இரண்டாவது வைத்தியம்தான் பிடித்தது. முதலாவது பர்ஸுக்கு வைத்தியம் பார்த்தது.

ஜனவரி 17

மேலே "எங்கள் பக்கத்தில் வந்தாலே" என்று எழுதினேன். அங்கேதான் எல்லாமே மாட்டுகிறது. மேசை 60க்கு 44 அங்குலம். டெத் கார்டின் காலாள் ப்ளேக் மரீன் ஒரு ரவுண்டில் நடப்பது 5 அங்குலம். ஆட்டத்தின் ஐந்து ரவுண்டும் ஓடாமல் நடந்தால் 25. மேசை நீளத்தில் பாதிகூட இல்லை. டெர்மினேட்டர் 4 அங்குலம்தான், அவனைப் பற்றிப் பேச வேண்டாம். எதிராளி நம் பக்கத்தில் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கும் படை இது. அடர்ந்த இடிபாடு உள்ள மேசையில் நமக்கு வாழ்வு, வெட்டவெளி மேசையில் சாவு. ஒரு போட்டியில் மேசையை எப்படி அடுக்குகிறார்கள் என்பதை எந்தச் சதவீதமும் சொல்லாது. வெவ்வேறு அடுக்கில் ஆடிய ஆட்டங்களை ஒரே குண்டானில் போட்டுக் கலக்கித்தான் அந்த எண் வருகிறது.

ஜனவரி 20

அணிப் போட்டியில் இந்தப் பேச்சே வேறு மாதிரி. உலக அணிச் சாம்பியன்ஷிப்பில் ஒரு நாட்டுக்கு எட்டுப் பேர். யாருக்கு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வதில்லை. ஒரு அணி ஒரு ஆளை முன்னால் நிறுத்தும், எதிரணி அவனுக்கு இரண்டு பேரை நீட்டும், இவர்கள் அதில் ஒருவனைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 20 புள்ளி, எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தாய் என்பதைப் பொறுத்து இருவருக்கும் பங்கு. சமம் என்றால் பத்துப் பத்து.

இங்கே முன்னால் நிறுத்தப்படுகிறவன் ஜெயிக்க வேண்டியதில்லை. யார் வந்தாலும் எட்டுப் புள்ளிக்குக் கீழே இறங்காமல் நின்றால் போதும். மெதுவான, கெட்டியான, அழுகிய படைக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது. எங்கள் வட்டாரத்தில் சின்ன அணிப்போட்டி ஒன்று நடந்தபோது இந்த வேலையைத்தான் பார்த்தேன். நாலு ஆட்டத்தில் மூன்று தோல்வி, 9, 8, 8. கேப்டன் வந்து முதுகில் தட்டிக்கொடுத்து பீர் வாங்கிக் கொடுத்தார். வாழ்க்கையில் தோற்றதற்கு பீர் கிடைத்தது அன்றுதான். சதவீதக் கணக்கில் அது ஒன்றுக்கு மூன்று.

ஜனவரி 22, இரவு

இவ்வளவு எழுதியாயிற்று, என் சொந்தக் கணக்கைப் போடவில்லையே என்று பழைய நோட்டை எடுத்தேன். கடந்த ஆண்டு 31 ஆட்டம். 13 வெற்றி, 18 தோல்வி. 42 சதவீதம். வரம்புக்குக் கீழே இருப்பது படை இல்லை போலிருக்கிறது.

31 ஆட்டத்துக்கு இருபுறமும் 18 சதவீதம் தள்ளிப் பார்க்க வேண்டும் என்பது நான் மேலே கொடுத்த முறை. ஆக நான் 60 சதவீத ஆட்டக்காரனாக இருப்பதைப் புள்ளிவிவரம் மறுக்கவில்லை. கிளப் மறுக்கிறது.

தமாஷ் போதும். அந்த நோட்டில் 'தோற்ற காரணம்' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். பதினெட்டில் எட்டு இடத்தில் 'பகடை'. ஆறில் 'எதிர்ப்படை பொருந்தவில்லை'. நாலில் 'என் தப்பு'. 'பகடை' என்று எழுதிய எட்டு ஆட்டத்தின் மதிப்பெண் தாளையும் தேடி எடுத்து வைத்துப் பார்த்தேன். ஐந்தில் ஐந்தாம் ரவுண்டுக் கட்டம் காலி. கடிகாரம் முடிந்திருக்கிறது. மூன்று மணி நேர ஆட்டம், ஆளுக்கு ஒன்றரை மணி, சதுரங்கக் கடிகாரம். என் பட்டியலில் இருபது பாக்ஸ்வாக்கர் (தள்ளாடும் நடைபிணங்கள்). ஒவ்வொரு பொம்மையையும் எடுத்து நாலு அங்குலம் நகர்த்தி, விழுந்ததை நிமிர்த்தி, இடைவெளி சரிபார்த்து. முதல் ரவுண்டிலேயே முப்பது நிமிடம் தின்றிருக்கிறேன். மெதுவாக நடக்கும் படையை இன்னும் மெதுவாக ஆடினால் கடைசி ரவுண்டு என்ற ஒன்றே இல்லை. டெத் கார்ட் புள்ளி எடுப்பது கடைசி இரண்டு ரவுண்டில்தான்.

கூடம் கோணல் என்று நான் எழுதியது பேனாவால். அழிக்க முடியாது.

ஜனவரி 23

பாக்ஸ்வாக்கர்களை எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் ஐந்து ஆட்டப் போட்டிக்குப் பதிவு செய்திருக்கிறேன். மூன்று ஜெயிப்பேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 17, திங்கள், முதுகுவலியோடு

இரண்டு.

சனிக்கிழமை மூன்று, ஞாயிறு இரண்டு. ஒரு ஆட்டத்திலும் கடிகாரம் தீரவில்லை, அந்த மட்டும் சரி. முதல் ஆட்டம் ஸ்பேஸ் மரீன், ஜெயித்தேன். இரண்டாவது நெக்ரான், அடித்த ஆள் எழுந்து வந்துகொண்டே இருந்தான், தோல்வி. மூன்றாவது டவ், வெட்டவெளி மேசை, பேச வேண்டாம். நாலாவது இன்னொரு டெத் கார்ட், ஜெயித்தேன், கணக்கர்கள் எப்படியும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஐந்தாவது ஆர்க். எதிரே பதினைந்து வயதுப் பெண், அப்பா பின்னால் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். ஐந்தாம் ரவுண்டில் என் மூன்று ப்ளேக் மரீன்கள் ஒரு ஆப்ஜெக்டிவிலிருந்து 10 அங்குலம். மூன்று அங்குலத்துக்குள் நின்றால் அது என்னுடையது, ஆக 7 வேண்டும். நடை 5, ஓடினால் ஒரு பகடை கூடும். இரண்டு விழுந்தால் போதும். அந்தப் பெண்கூட "வந்துவிடும், போடுங்கள்" என்றாள். ஒன்று விழுந்தது. பகடை உருண்டு போய் ஒரு ஆர்க்கின் காலில் முட்டி நின்றது, ஒற்றைப் புள்ளி மேலே. அந்த ஆப்ஜெக்டிவுக்கு 5 புள்ளி. நான் தோற்றது 4 புள்ளியில்.

ரயிலில் நோட்டை எடுத்து 'பகடை' என்று எழுதினேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அடித்துவிட்டேன். இரண்டாம் ரவுண்டில் அவளுடைய ராக்கெட்டுக்குப் பயந்து அந்த மூவரையும் இரண்டு அங்குலம் பின்னால் இழுத்து ஒளித்திருந்தேன். அந்த இரண்டு அங்குலம் கையில் இருந்திருந்தால் பகடையே தேவைப்பட்டிருக்காது. சுவருக்குப் பின்னால்தான் நிறுத்த வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் இன்னொரு தூண் இருந்தது.

பிப்ரவரி 17, மாலை

இன்னொரு விஷயம் மறந்துவிட்டேன். பாக்ஸ்வாக்கர் இருபது பேரை எடுத்ததால் நேரம் மிஞ்சியது, ஆனால் என் பக்கத்து ஆப்ஜெக்டிவில் நிற்க ஆள் இல்லை. நெக்ரானிடம் தோற்றது பாதி அதனால்தான். பத்துப் பேரைத் திரும்பச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். பத்து, இருபது இல்லை.

பிப்ரவரி 19

ஒரு ஆட்டத்தின் 100 புள்ளியில் 10 பெயிண்டுக்கு என்று ஒருவருக்குத் தெரியவில்லை. ஆமாம், 50 ஆப்ஜெக்டிவ், 40 துணை இலக்கு, 10 முழுப் படையும் பெயிண்ட் ஆகியிருந்தால். ஒரு ஆள் அரைகுறையாக இருந்தாலும் பத்தும் போகும். போன வருடம் ஒரு எதிராளி என் மூன்று ப்ளேக் மரீன்களின் அடித்தளம் வெறும் கருப்பாக இருப்பதைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்தார். ஆட்டம் முடிந்ததும் "அடுத்த முறைக்குள் மண் ஒட்டிவிடுங்கள்" என்றார். அப்புறம் 6 புள்ளியில் நான்தான் ஜெயித்திருந்தேன் என்று கணக்குப் போட்டபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிப்ரவரி 24

கேள்வி கேட்ட தம்பி இன்று எழுதியிருக்கிறான். விற்கவில்லை. ஏப்ரலில் ஐந்து ஆட்டப் போட்டிக்குப் பதிவு செய்துவிட்டானாம். பட்டியலுக்குப் பத்து ப்ளேக் மரீன் குறைகிறது, கடன் கிடைக்குமா என்று கேட்கிறான்.

கிடைக்கும். சனிக்கிழமை எங்கள் கிளப்புக்கு வா. மூன்று பேருக்கு இன்னும் மண் ஒட்டவில்லை, அதை மட்டும் நீ பார்த்துக்கொள்.